படம் எங்கே போச்சு? கிம்ப், இங்க்ஸ்கேப் பயன்படுத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு டிசைன் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோவில் கொடை நோட்டீஸ், நினைவு மலர், பள்ளி ஆண்டு மலர், இவைதான் வேலை. படத்தைத் திருத்த கிம்ப், வரைந்து அடுக்க இங்க்ஸ்கேப், எழுத்து வேலைக்கு லிப்ரே ஆபீஸ். மூன்றும் இலவசமாகக் கிடைப்பவை. சனிக்கிழமை சாயங்காலம் சில பிள்ளைகள் கற்றுக்கொள்ள வருகிறார்கள். அம்பாசமுத்திரம், வள்ளியூர் பக்கத்துக் கடைக்காரர்களும் போன் பண்ணிக் கேட்பார்கள். பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "அண்ணாச்சி, படத்தைக் காணோமே, எங்கே போச்சு?"

அதற்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். விண்டோஸ் 10, 11 கணினிகளையும், கிம்ப் 2.10, 3.0 பதிப்புகளையும், இங்க்ஸ்கேப் 1.0க்குப் பிறகு வந்தவற்றையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மெனுப் பெயர்கள் திரையில் ஆங்கிலத்தில் இருக்கும். அவற்றின் உச்சரிப்பை அப்படியே தமிழில் தந்திருக்கிறேன்.

டிசைனைப் பென் டிரைவில் பிரஸ்ஸுக்குக் கொண்டுபோனேன். அங்கே திறந்தால் எழுத்து இருக்கிறது, படம் இல்லை. ஏன்?

அந்த ஃபைலுக்குள் படம் வைக்கப்படவே இல்லை. படம் இருக்கிற இடத்தின் விலாசம் மட்டும்தான் அதில் எழுதியிருக்கிறது. டி டிரைவில், கொடை என்ற ஃபோல்டரில், முத்தாரம்மன் என்ற படம் என்று ஒரு வரி. உங்கள் கணினியில் அந்த விலாசத்தில் படம் இருந்ததால் தெரிந்தது. பிரஸ்ஸில் இருக்கும் கணினியில் அந்த விலாசமே கிடையாது. இப்படி வைப்பதற்கு லிங்க் என்று பெயர். படத்தையே ஃபைலுக்குள் திணித்து வைப்பது எம்பெட்.

இதை நான் கற்றுக்கொண்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. அப்போது என் கடை வண்ணார்பேட்டையில் இருந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய அந்த மழையில், தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷன், கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை என்று ஊருக்குள் வந்துவிட்டது. மேசைக்குக் கீழே இருந்த இரண்டு சிபியுவும் தண்ணீருக்குள் போயின. டிசைன் ஃபைல்கள் எல்லாம் பென் டிரைவில் இருக்கின்றன என்ற நம்பிக்கையில் தைரியமாக இருந்தேன். பத்து நாள் கழித்து வேறு கணினியில் திறந்தால், ஒரு நினைவு மலரின் எல்லாப் பக்கங்களிலும் படம் இருந்த இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறி. ஆற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு குடும்பம் தங்கள் ஆச்சிக்காகக் கொடுத்த வேலை அது. பழைய புகைப்படத்தை ஸ்கேன் செய்துவிட்டு அசலைத் திருப்பிக் கொடுத்திருந்தேன். அந்த வீட்டுக்குள்ளும் வெள்ளம் ஏறி, அசலும் போய்விட்டது. கடைசியில் மிஞ்சியது, சரிபார்ப்பதற்காக அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த பக்கத்திலிருந்த சின்னப் படம்தான். அதை வைத்துத்தான் அச்சடித்தோம். ஆச்சியின் முகம் கொஞ்சம் மங்கலாகத்தான் வந்தது. அந்த ஸ்கேனை அன்றே ஃபைலுக்குள் எம்பெட் செய்திருந்தால் அந்த முகம் தெளிவாக வந்திருக்கும்.

இங்க்ஸ்கேப்பில் படத்தை உள்ளேயே வைப்பது எப்படி?

ஃபைல் மெனுவில் இம்போர்ட் கொடுத்ததும் ஒரு சின்னப் பெட்டி வந்து எம்பெட்டா, லிங்க்கா என்று கேட்கும். எம்பெட்டைத் தேர்ந்தெடுங்கள். அதே பெட்டியில் இனிமேல் கேட்க வேண்டாம் என்று ஒரு கட்டம் இருக்கும். லிங்க்கைத் தேர்ந்துவிட்டு அந்தக் கட்டத்தையும் டிக் செய்தவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு இங்க்ஸ்கேப் கேட்காமலே ஒவ்வொரு படத்தையும் லிங்க்காகப் போட்டுக்கொண்டே போகும். உங்களுக்கும் அப்படி ஆகியிருந்தால் எடிட் மெனு, பிரிஃபரன்சஸ், இம்போர்ட்டட் இமேஜஸ் என்று போய் மறுபடி கேட்கும்படி மாற்றிவிடுங்கள்.

ஏற்கெனவே லிங்க்காக இருக்கும் படங்களுக்கு எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் இமேஜஸ், அதற்குள் எம்பெட் இமேஜஸ். படங்கள் பழைய இடத்தில் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். தொலைந்த பிறகு செய்தால் பயனில்லை.

எல்லாவற்றையும் எம்பெட் செய்தால் ஃபைல் ரொம்பப் பெரிதாகிவிடாதா?

ஆகும். இங்க்ஸ்கேப் சேமிக்கும் எஸ்விஜி ஃபைல் என்பது எழுத்துகளால் ஆனது. படத்தை அதற்குள் வைக்க, படத்தின் ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்தாக மாற்றப்படுகிறது. அதனால் 6 எம்பி படம் உள்ளே போகும்போது 8 எம்பி ஆகும். பத்திரிகைக்கும் நோட்டீஸுக்கும் அது ஒரு பாரமே இல்லை. நாற்பது பக்க ஆண்டு மலர், பக்கத்துக்கு ஐந்தாறு படம் என்றால் கணினி திணறும். அப்போது லிங்க்காகவே வையுங்கள். ஆனால் டிசைன் ஃபைலும் படங்களும் ஒரே ஃபோல்டருக்குள் இருக்கட்டும், எங்கே கொண்டுபோனாலும் ஃபோல்டரோடு கொண்டுபோங்கள். படம் பக்கத்திலேயே இருந்தால் இங்க்ஸ்கேப் டிரைவ் பெயரை விட்டுவிட்டு ஃபைல் பெயரை மட்டும் விலாசமாக எழுதிக்கொள்ளும். அது எந்தக் கணினியிலும் செல்லும்.

சிவப்புப் பெருக்கல் குறி வந்துவிட்டது. படம் என்னிடம் வேறு இடத்தில் இருக்கிறது. மறுபடி முதலிலிருந்து வைக்க வேண்டுமா?

வேண்டாம். எஸ்விஜி ஃபைலை ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அதை நோட்பேடில் திறங்கள். கண்ட்ரோலும் எஃப்பும் அழுத்தி, எச் ஆர் இ எஃப் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள். அதற்கு அடுத்த மேற்கோள் குறிகளுக்குள் படத்தின் ஃபைல் பெயர் தெரிந்தால், அதுதான் பழைய விலாசம். அதை அழித்துவிட்டு ஃபைல் பெயரை மட்டும் எழுதிச் சேமியுங்கள். படத்தை டிசைன் ஃபைலுக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டுத் திறந்தால் படம் வந்து நிற்கும்.

பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ இருந்தால் அந்த இடத்தில் விழுக்காட்டுக் குறியும் எண்களுமாகத் தெரியும். பயப்பட வேண்டாம், அது எழுதும் முறைதான். மேற்கோள் குறிக்குள் பக்கம் பக்கமாகப் புரியாத எழுத்து ஓடினால் அது எம்பெட் செய்த படம். அதில் கை வைக்காதீர்கள்.

நோட்பேடில் திறக்கத் தயக்கமாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. பழைய விலாசம் டி டிரைவ், கொடை ஃபோல்டர் என்று தெரிந்தால், புதுக் கணினியிலும் அதே டிரைவில் அதே பெயரில் ஃபோல்டர் உண்டாக்கிப் படத்தை அதற்குள் போடுங்கள். போதும்.

பெயரும் சரி, இடமும் சரி. அப்படியும் படம் வரவில்லை. இது எதனால்?

இரண்டு காரணங்களை நான் பார்த்திருக்கிறேன். முதலாவது, ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அவற்றை இரண்டு வேறு ஃபைல்களாகப் பார்க்கும். சில கேமராக்கள் ஜேபிஜி என்ற பின்னொட்டைப் பெரிய எழுத்தில் எழுதும், நாம் டிசைனில் சின்ன எழுத்தில் கொடுத்திருப்போம். விண்டோஸில் வேலை செய்த ஃபைல் லினக்ஸுக்குப் போனதும் படம் காணாமல் போகும்.

இரண்டாவது காரணம் தமிழுக்கே உரியது. கோவில் என்று ஒரு ஃபைலுக்குப் பெயர் வைக்கிறீர்கள். அதில் இருக்கும் கோ என்ற எழுத்தின் குறியை, கணினி எழுத்துகளுக்கான யூனிகோட் முறையில் இரண்டு விதமாக எழுதலாம். முழு ஓகாரக் குறி ஒரே எழுத்தாக இருக்கலாம். அல்லது இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனி எழுத்தாக இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. கொ, கோ, கௌ வரிசை எழுத்துகள் எல்லாவற்றுக்கும் இது உண்டு. ஆப்பிள் மேக் கணினிகளின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் என்ற ஃபைல் சேமிப்பு முறை பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும். அங்கிருந்து வந்த படத்தை நம் கணினி தேடும்போது "அப்படி ஒரு ஃபைல் இல்லை" என்று சொல்லிவிடும். ஒரு நாள் முழுக்க இதைத் தேடி அலைந்திருக்கிறேன். படத்தின் பெயரை அழித்துவிட்டு அதே பெயரை நானே மறுபடி தட்டச்சு செய்ததும் சரியாகிவிட்டது.

தமிழில் பெயர் வைக்க எனக்கும் ஆசைதான். ஃபோல்டருக்கு வைக்கிறேன். ஆனால் டிசைனுக்குள் போகும் படங்களுக்கு மட்டும் ஆங்கிலச் சின்ன எழுத்தும் எண்ணும், நடுவில் இடைவெளி இல்லாமல்.

இணையத்தில் இறக்கிய பிரஷ், பேட்டர்ன் ஃபைல்களைக் கிம்ப்பில் எங்கே போட வேண்டும்?

பிரஷ் என்பது தட்டினால் ஒரு வடிவம் பதியும் தூரிகை, பேட்டர்ன் என்பது திரும்பத் திரும்ப அடுக்கி நிரப்பும் படம். எங்கே போட வேண்டும் என்று கிம்ப்பையே கேளுங்கள். எடிட், பிரிஃபரன்சஸ், ஃபோல்டர்ஸ். அதன் பக்கத்துக் கூட்டல் குறியை அழுத்தினால் பிரஷஸ், பேட்டர்ன்ஸ் என்று வரிசையாக விரியும். ஒவ்வொன்றிலும் இரண்டு இடங்கள் காட்டும். ஒன்று கிம்ப்பை நிறுவிய இடம், புரோகிராம் ஃபைல்ஸுக்குள். அங்கே போடாதீர்கள், நிர்வாகி அனுமதி கேட்கும், கிம்ப்பைப் புதுப்பிக்கும்போது போய்விடவும் கூடும். மற்றது உங்களுக்கென்று உள்ள இடம். சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, ரோமிங், கிம்ப், அதற்குள் 2.10 அல்லது 3.0, அதற்குள் பிரஷஸ், பேட்டர்ன்ஸ். அங்கேதான் போட வேண்டும். லினக்ஸில் இதே ஃபோல்டர் உங்கள் ஹோமுக்குள், புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக் என்ற மறைவு ஃபோல்டரில் இருக்கும்.

போட்ட பிறகு கிம்ப்பை மூடித் திறக்க வேண்டியதில்லை. பிரஷஸ் பட்டியலுக்குக் கீழே வட்ட அம்பு போட்ட பொத்தான் இருக்கும், அதை ஒரு தட்டு. ஃபோட்டோஷாப்பின் ஏபிஆர் பிரஷ் ஃபைலையும் கிம்ப் வாசிக்கும். ஜிப்பாக வந்தால் விரித்துவிட்டுப் போடுங்கள். ஜிப்பையே போட்டால் எதுவும் வராது. எனக்கு வரும் போன்களில் நிறைய இதுதான்.

ஆப்டேட்டா என்று ஒரு ஃபோல்டரே என் கணினியில் இல்லையே?

இருக்கிறது, மறைத்து வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் சாவியும் ஆரும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் விழுக்காட்டுக் குறி, ஆப்டேட்டா, மறுபடி விழுக்காட்டுக் குறி என்று ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டினால் நேராக ரோமிங் ஃபோல்டர் திறக்கும். இங்க்ஸ்கேப்பின் ஃபோல்டரும் அங்கேயே இருக்கும்.

நம் ஊர் வேலைப்பாட்டை வைத்து நாமே பேட்டர்ன் செய்ய முடியுமா?

தாராளமாக. எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். பேட்டர்ன் ஃபோல்டரில் பிஎன்ஜி, ஜேபிஜி படங்களை அப்படியே போட்டாலும் கிம்ப் ஏற்றுக்கொள்ளும், கிம்ப்பின் சொந்தப் பேட்டர்ன் வகையான பிஏடி ஃபைலாக மாற்ற வேண்டியதில்லை.

பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பத்திரிகையின் பின்னணிக்கு அந்தக் கோரை நெசவைப் போல அழகாக அமைவது எனக்குத் தெரிந்து வேறில்லை. வெயிலில் வைக்காமல் ஜன்னல் ஓரத்தில் விரித்து, நேர் மேலிருந்து படம் எடுங்கள். கிம்ப்பில் ஃபில்டர்ஸ், மேப், டைல் சீம்லெஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. ஓரங்களை ஒன்றோடொன்று கலந்து, அடுக்கினால் தையல் தெரியாமல் செய்யும். கல், மணல், சுவர் போன்றவற்றுக்கு அது அருமை. பாய்க்கு மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள். கோரைக் கீற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று நிழலாக விழுந்து நெசவு கலங்கிப்போகும். அதற்குப் பதிலாக, வடிவம் எங்கே தொடங்கி எங்கே மறுபடி தொடங்குகிறது என்று கோரையை எண்ணிப் பார்த்து, சரியாக ஒரு சுற்றை மட்டும் வெட்டி எடுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால் எத்தனை முறை அடுக்கினாலும் பாய் பாயாகவே இருக்கும். அதை பிஎன்ஜியாக பேட்டர்ன்ஸ் ஃபோல்டருக்கு எக்ஸ்போர்ட் செய்து, வட்ட அம்பைத் தட்டுங்கள்.

கோலத்தை பிரஷ்ஷாக்க முடியுமா?

முடியும். வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் போட்டு ஸ்கேன் செய்யுங்கள். இமேஜ் மெனுவில் மோட், கிரேஸ்கேல். பின்னணி வெள்ளையாக இருக்கட்டும், ஒளி ஊடுருவுவதாக வேண்டாம். கிம்ப்பின் பிரஷ் வகையான ஜிபிஆர் என்ற பின்னொட்டோடு பிரஷஸ் ஃபோல்டருக்கு எக்ஸ்போர்ட் செய்தால், கறுப்பு இருந்த இடமெல்லாம் நீங்கள் தேர்ந்த வண்ணத்தில் விழும்.

எக்ஸ்போர்ட் செய்யும்போது டிஸ்கிரிப்ஷன் என்று ஒன்று கேட்கும். அதில் ஒழுங்கான பெயர் எழுதுங்கள். பிரஷ் பட்டியலில் தெரிவது அந்தப் பெயர்தான், ஃபைல் பெயர் அல்ல. பிரஷ் வரவில்லை என்று தேடிய ஒரு பிள்ளைக்கு, வேறு பெயரில் கண் முன்னே அது இருந்தது. ஸ்பேசிங்கை, அதாவது ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரத்தை, 100 என்று வைத்தால் கோலங்கள் ஒன்றை ஒன்று தொட்டு வரிசையாக விழும், பத்திரிகை ஓரத்துக்குப் பொருத்தமாக இருக்கும்.

கிம்ப் 3.0க்கு மாறினால் சேர்த்து வைத்த பிரஷ்கள் போய்விடுமா?

2025 மார்ச்சில் வந்த 3.0 முதல் முறை திறக்கும்போதே பழைய 2.10 ஃபோல்டரில் இருப்பவற்றைத் தன் புது ஃபோல்டருக்கு எடுத்துக்கொள்ளும். கவலை கிம்ப்பால் இல்லை, சி டிரைவை ஃபார்மேட் செய்துவிட்டுத் தரும் சர்வீஸ் ஆட்களால்தான். அதனால் டி டிரைவில் சொந்தமாக ஒரு ஃபோல்டர் வைத்து, மேலே சொன்ன பிரிஃபரன்சஸ் இடத்தில் அதையும் சேர்த்துவிடுங்கள். விண்டோஸை எத்தனை முறை மாற்றினாலும் அந்த ஃபோல்டர் இருக்கும்.

கிம்ப்பில் சேவ் செய்தேன். ஜேபிஜி எங்கேயும் இல்லை.

சேவ் என்றால் கிம்ப்பின் சொந்த எக்ஸ்சிஎஃப் ஃபைல்தான் உருவாகும். ஜேபிஜி வேண்டுமென்றால் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் அஸ். இரண்டையும் செய்யுங்கள். எக்ஸ்சிஎஃப்பில் லேயர்கள் (ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த அடுக்குகள்) எல்லாம் தனித்தனியாக இருக்கும், லேயராகச் சேர்த்த படங்களும் முழுசாக உள்ளேயே இருக்கும். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஐபோனிலிருந்து வரும் ஹெச்இஐசி படங்களையும் கிம்ப்பில் திறந்து ஜேபிஜியாக எக்ஸ்போர்ட் செய்துகொண்டால் இங்க்ஸ்கேப்பில் தொல்லை இல்லை.

படங்களை எல்லாம் ஒரு வேர்ட் ஃபைலில் ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். வெளியே எடுப்பது எப்படி?

பள்ளி ஆண்டு மலர் என்றால் இது நடக்காமல் இருக்காது. டாக்எக்ஸ் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் பெட்டிதான். நகல் எடுத்து, பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறங்கள். வேர்ட் என்ற ஃபோல்டருக்குள் மீடியா என்று ஒரு ஃபோல்டர். படங்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். லிப்ரே ஆபீஸின் ஓடிடி ஃபைலிலும் இதே கதை, அங்கே ஃபோல்டர் பெயர் பிக்சர்ஸ். பழைய டாக் ஃபைலுக்கு இது நடக்காது. முதலில் டாக்எக்ஸாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

பின்னொட்டே தெரியவில்லை என்றால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸை டிக் செய்யுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: வேர்ட் சேமிக்கும்போதே படத்தைச் சுருக்கும் பழக்கம் உடையது. சின்னப் புகைப்படங்களுக்குப் போதும். அட்டைப் படத்துக்கு ஆசிரியரிடம் அசலைக் கேட்டு வாங்குங்கள்.

லிப்ரே ஆபீஸ் கேலரியில் சேர்த்த படங்கள் திடீரென்று வெறும் கட்டமாகிவிட்டன.

கேலரி என்பது அடிக்கடி பயன்படுத்தும் படங்களைச் சேர்த்து வைக்கும் பட்டியல். அதுவும் விலாசத்தைத்தான் வைத்துக்கொள்கிறது. சின்ன முன்தோற்றம் மட்டும் அதனுடையது, படம் நீங்கள் வைத்த இடத்தில்தான் இருக்கிறது. அந்த ஃபோல்டரை நகர்த்தினீர்களா என்று பாருங்கள். பழைய இடத்துக்குத் திருப்பினால் சரியாகும்.

வாட்ஸ்அப்பில் வந்த படம் பிரிண்டில் மங்குகிறதே?

படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் கணினிக்கு மாற்றி, அந்த வேலைக்கான ஃபோல்டரில் வைத்துப் பெயரை மாற்றுங்கள். தேதியும் டபிள்யூஏ என்ற எழுத்தும் எண்ணுமாக உள்ள பெயரை வைத்து அடுத்த மாதம் யாராலும் தேட முடியாது.

உபுண்டுவில் இங்க்ஸ்கேப் பென் டிரைவையே பார்க்க மாட்டேன் என்கிறது.

லினக்ஸ் வகையான உபுண்டுவில் உள்ள ஸ்னாப் என்ற நிறுவல் முறை வழியாக இங்க்ஸ்கேப்பை நிறுவியிருப்பீர்கள். அதற்குத் தனி அனுமதி கொடுக்க வேண்டும். மென்பொருள் கடையில் இங்க்ஸ்கேப்பின் அனுமதிப் பட்டியலில் ரிமூவபிள் மீடியாவை இயக்குங்கள். அவசரம் என்றால் படத்தை ஹோம் ஃபோல்டருக்கு நகலெடுத்துத் திறங்கள்.

கொடை கமிட்டியார் வந்து, "போன வருஷ நோட்டீஸ்ல தேதிய மட்டும் மாத்துங்க" என்கிறார்கள். அப்படியென்றால் எதையெல்லாம் எடுத்து வைத்திருக்க வேண்டும்?

ஒரு வேலைக்கு ஒரு ஃபோல்டர். பெயரில் வருடம், ஊர், வேலை. அதற்குள் எஸ்விஜி, கிம்ப்பின் எக்ஸ்சிஎஃப், வாடிக்கையாளர் கொடுத்த அசல் படங்கள், பயன்படுத்திய எழுத்துரு, கடைசியாக அச்சுக்குப் போன பிடிஎஃப். இந்த ஐந்தும் இருந்தால் எந்த வருடம் வந்து கேட்டாலும் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். எழுத்துருவைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம், அது இல்லாத கணினியில் தலைப்பு எழுத்து வேறு உருவத்தில் வந்து நின்று கமிட்டியாருக்குக் கோபம் வரும்.

மற்றதெல்லாம் போய் பிடிஎஃப் மட்டும் மிஞ்சினாலும் கைவிட வேண்டாம். அதை இங்க்ஸ்கேப்பில் திறந்தால் உள்ளே இருக்கும் படங்கள் கிடைக்கும். எக்ஸ்டென்ஷன்ஸ், இமேஜஸ், எக்ஸ்ட்ராக்ட் வழியாக அவற்றைத் தனி ஃபைலாக எடுத்துக்கொள்ளலாம்.

வேலை ஃபோல்டர்களின் நகல் ஒன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும், அதே தெருவில் வேண்டாம். நான் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹார்ட் டிஸ்கில் எல்லாவற்றையும் ஏற்றி, மகாராஜநகரில் இருக்கும் என் அக்கா வீட்டு மாடி அலமாரியில் கொண்டு வைக்கிறேன். எந்தத் தேதியில் ஏற்றியது என்று ஒரு சீட்டும் அதன் மேல் ஒட்டியிருக்கும்.